நாய் விற்பவர் சாப்பிட வேண்டும்

1

"ஏங்கண்ணு, நாய் விக்கறவன் சோறு திங்கோணும்னு எந்தச் சட்டத்துல எழுதியிருக்குது?"

புதுப்பைசா வந்த வருஷம் சோளக்காட்டுச் சந்தையில் நாய்க்குட்டி, பூனைக்குட்டிக் கடை போட்ட ஜாபர் உசேன் என்னிடம் கேட்டார். நான் ஆறாவது வரை படித்தவள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மிளகு மூட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவருக்குச் சொல்லாத பதில்தான் இந்தக் கதை.

2

கொல்லிமலையின் பச்சைப் பசேலென்ற

(வேண்டாம். அன்று மேகம் இறங்கி எதிர் வீடே தெரியவில்லை.)

அந்தச் சட்டம் எங்கும் எழுதப்படவில்லை. எங்கள் மலைநாட்டில் குட்டி கொடுப்பவர், வாங்குகிற வீட்டில் ஒரு வேளை சாப்பிட வேண்டும். சோறு தொண்டையில் இறங்கினால்தான் குட்டியை விடலாம். நாளைக்கு நாயும் அதைத்தானே தின்ன வேண்டும்? கடைக்கும் இதுவே சட்டம் என்றார் ஊர்க்கவுண்டர் ராசப்பன். அன்றிலிருந்து ஜாபர் உசேன் பெருத்துக்கொண்டே போனார்.

3

சென்னம்மாளின் மரவள்ளிக் காட்டில் பாதியைப் பன்றி தின்றுவிட்டது. மீதியைக் காக்க அவளுக்கு நாய் வேண்டும். ஆனால் அவள் சமையல்

(அவளை நல்ல சமையல்காரி ஆக்கிவிடலாமா என்று யோசித்தேன். அவள் களியைத் தின்றவர்கள் பிறகு நான் எழுதும் எதையும் நம்ப மாட்டார்கள்.)

அவள் வீட்டில் ஜாபர் உசேன் களியை ஒரு வாய் வைத்தார். அது கன்னத்திலேயே நின்றுவிட்டது.

"முழுங்குங்க பாய். களிதானுங்க, கல்லா?"

அவர் கையை மட்டும் அசைத்தார். அதற்குள் கூடையிலிருந்த குட்டி இறங்கி வந்து, அவர் வட்டிலை வழித்து நக்கிவிட்டு, சென்னம்மாளின் மடியில் ஏறிப் படுத்தது.

"பாத்தீங்களா? இங்க திங்கப்போறது அதுவா, நீங்களா?"

சாட்சிக்கு வந்திருந்த ராசப்பன் மீசையைத் தடவினார். "சட்டம் பாய் வாயப் பத்தித்தான் பேசுது அம்மிணி. நாய் வாயப் பத்திப் பேசல."

4

முடிவு ஒன்று: விழுங்குகிறார். குட்டி அவளுக்கு. (பாவம் மனுஷன்.)

முடிவு இரண்டு: துப்புகிறார். குட்டி கூடைக்கு, மரவள்ளி பன்றிக்கு. (எழுதக் கை வரவில்லை.)

முடிவு மூன்று: சட்டத்தை மாற்ற ஊர் கூடுகிறது. கூடிய ஊருக்குச் சோறு சென்னம்மாள்தான் போட வேண்டும் என்பதால்

நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தது இவ்வளவுதான். ஜாபர் உசேன், சென்னம்மாள் மடியில் தூங்கும் குட்டியைப் பார்த்தார். காலிக் கூடையைத் தோளில் மாட்டினார். உப்பிய கன்னத்தோடு மேகத்துக்குள் நடந்து போனார்.