கழலாத வளையம்

மெர்சி வந்து சேர்ந்தபோது போட்டி தொடங்க அரை மணி நேரம்கூட மிச்சமில்லை. ஆனைமலையிலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பியிருந்தாள். கிணத்துக்கடவு தாண்டியதும் தேங்காய் லாரி ஒன்று சாலைக்குக் குறுக்கே கவிழ்ந்து கிடந்தது; பஸ் வெகுநேரம் நகரவே இல்லை. உக்கடத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, சரவணம்பட்டிப் பக்கத்திலிருந்த அந்தப் பொறியியல் கல்லூரிக்குள் ஓடி வந்தாள்.

லாஸ்யா வராந்தாவிலேயே காத்திருந்தாள். இருவரும் வேறொரு கல்லூரியில் மெக்கானிக்கல் கடைசி வருடம். விண்வெளிப் பயண விளையாட்டுப் போட்டியில் ஒரே அணி. கம்ப்யூட்டரில் ராக்கெட்டைப் பாகம் பாகமாகப் பொருத்திக் கட்டுவது மெர்சி. அதை ஓட்டுவது லாஸ்யா.

"ராக்கெட்டு எடை பாத்துட்டாங்க. நம்முளுது துளி அதிகமா இருந்துச்சு. சின்னதா ஒண்ணு மாத்திப்போட்டேன். இப்பச் சரியாயிருச்சு" என்றாள் லாஸ்யா, நடந்துகொண்டே.

"என்ன மாத்துன?"

"சின்னதுதாண்டி. வா மொதல்ல, பேரு கூப்புடறாங்க."

மெர்சி நின்று கேட்டிருக்கலாம். பஸ்ஸில் பட்ட அவஸ்தை, தாமதமாகிவிட்டதே என்ற பதற்றம், எதிரே இவர்கள் பெயரை மைக்கில் வாசிக்கும் சத்தம். அவள் நின்று கேட்கவில்லை.

இறுதிச் சுற்றின் விதி அவர்களுக்குப் புதிது. ஓட்டுபவர் மேடையில், பெரிய திரைக்கு முன்னால் உட்கார வேண்டும். கட்டியவர் கீழ்த்தளத்தில் ஒரு மூடிய அறையில் இருப்பார். அங்கே ராக்கெட்டின் படம் தெரியாது. உயரம், வேகம், எரிபொருள், இன்ஜின் சூடு என்று எண்கள் மட்டும் ஓடும். இருவரும் ஹெட்செட்டில் பேசிக்கொள்ளலாம். வீட்டில் விளையாடும்போது தவறு நேர்ந்தால் பழைய இடத்துக்குத் திரும்பி மறுபடி ஆரம்பிக்கலாம். இங்கே அது கிடையாது.

"நெசமாவே மேல ஆள அனுப்பிச்சாலும் கீழ இருக்கறவங்களுக்கு நம்பருதானுங்க தெரியும்" என்றார் போட்டியை நடத்திய பேராசிரியர் சென்னியப்பன். "உள்ள இருக்கற விண்வெளி வீரர் செத்துட்டா மொத்த மார்க்கும் போச்சு. ஒருத்தரு நெலாவுல உசுரோட எறங்கோணும். அவ்வளவுதான் கண்ணு."

அவர்களுடைய வீரருக்கு மாசாணம் என்று பெயர். மெர்சியின் ஊர்ப்பக்கத்துப் பெயர்; லாஸ்யா வைத்தது. "உன்ற ஊருக்காரராட்டவே இருக்கட்டும்" என்று சிரித்துக்கொண்டே தட்டியிருந்தாள்.

முதலிடம் பிடிக்கும் அணிக்கு, சிறிய ராக்கெட்டுகளுக்குப் பாகம் செய்யும் பெங்களூர் கம்பெனி ஒன்றில் ஆறு மாதப் பயிற்சி. மெர்சிக்கு அது வேண்டும். லாஸ்யாவுக்கு இன்னும் அதிகமாக வேண்டும். அது கிடைக்காவிட்டால் ஜூன் மாதத்திலிருந்து குடும்ப மில்லுக்கு வந்து உட்கார வேண்டும் என்று அவள் அப்பா சீனிவாசலு சொல்லியிருந்தார்.

மூடிய அறையில் ஏசி சத்தம் மட்டும் கேட்டது. மெர்சி ஹெட்செட்டை மாட்டினாள்.

"கேக்குதா?"

"கேக்குது. கெளப்பட்டா?"

"கெளப்பு."

உயரத்தைக் காட்டும் எண் ஏறத் தொடங்கியது. பக்கத்துக்கு ஒன்றாகக் கட்டியிருந்த துணை ராக்கெட்டுகள் தீர்ந்ததும் அவற்றை உதற வேண்டும். அவற்றைப் பிடித்திருக்கும் டீகப்ளர் என்ற பாகம் வெடித்துப் பக்கவாட்டில் தள்ளும். தள்ளினால் மட்டும் போதாது. காற்று அவற்றை மறுபடி உள்ளே தள்ளி, நடு ராக்கெட்டின் மீதே மோத வைத்துவிடும். அதனால் ஒவ்வொன்றின் மூக்கிலும் வெளிப்பக்கமாக இழுக்க ஒரு குட்டி மோட்டார் வைத்திருந்தாள் மெர்சி. இதற்காக எத்தனை ராக்கெட்டை உடைத்திருப்பார்கள் என்று கணக்கே இல்லை.

"உதர்றேன்... போயிருச்சு. ரெண்டும் சுத்தமா வெலகிப் போயிருச்சு மெர்சி!"

மெர்சி மூச்சை விட்டாள். அடுத்த கட்டமும் சரியாகக் கழன்றது. விளையாட்டில் நேரத்தை வேகமாக ஓட்டி நிலாவை அடைந்தார்கள். லாஸ்யாவின் கை பதறவில்லை. நிலாவைச் சுற்றி வந்து, சரியான இடத்தில் எரித்து, பாதையைத் தரையை நோக்கித் திருப்பினாள். இனி பெரிய இன்ஜின் கட்டத்தைக் கழற்றிவிட்டு, மாசாணம் உட்கார்ந்திருக்கும் இறங்குகலம் தன் சொந்த இன்ஜினால் வேகத்தைக் குறைத்து இறங்க வேண்டும்.

"கழட்டறேன்" என்றாள் லாஸ்யா. "கழண்டுருச்சு. பெருசு பின்னால போகுது. இன்ஜின் போடறேன்."

எரிபொருள் எண் இறங்க ஆரம்பித்தது. மெர்சி வேகத்தைப் பார்த்தாள். குறையவில்லை. மறுபடி பார்த்தாள். ஒன்றிரண்டு கூடியிருந்தது.

"எந்தப் பக்கம் திருப்பி வெச்சிருக்க?"

"சரியாத்தான் இருக்குது. பின்னாடிதான் பாத்திருக்குது. ஃபுல்லா எரியுது."

"ஆஃப் பண்ணு. ஒடனே ஆஃப் பண்ணு."

எரிபொருள் எண் அசையாமல் நின்றது. மெர்சி யோசித்தாள். இன்ஜின் எரிகிறது, எரிபொருள் செலவாகிறது, திசையும் சரி. ஆனால் உந்தவில்லை. இன்ஜினின் வாயிலிருந்து வரும் தீ எதன் மீதோ முட்டி நிற்கிறது. அப்படியானால் அதன் கீழே ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"கேமராவக் கீழ கொண்டு போ. இன்ஜினுக்கு அடில என்ன தெரியுது?"

ஹெட்செட்டில் மவுஸ் உருளும் சத்தம் கேட்டது.

"லாஸ்யா."

"மஞ்சக் கோடு போட்ட வளையம்."

மெர்சிக்குப் புரிந்துவிட்டது; அது டீகப்ளர். அந்த இடத்தில் அவள் வைத்திருந்தது செப்பரேட்டர். அது இரண்டு பக்கமும் வெட்டிக்கொள்ளும்; வளையம் தனியாக மிதந்து போய்விடும். எடை கொஞ்சம் அதிகம். டீகப்ளர் எடை குறைவு, ஆனால் ஒரு பக்கம்தான் வெட்டும். மறுபக்கத்தோடு வளையம் ஒட்டியே இருக்கும். எந்தப் பக்கம் வெட்டும் என்று அதன் விளிம்பில் அம்புக்குறி போட்டிருக்கும். அம்பு மேலே பார்த்தால் வளையம் கழன்ற கட்டத்தோடு போய்விடும். தலைகீழாக மாட்டினால் மேலே இருக்கும் இன்ஜினுக்கு மூடி போட்டதுபோல் ஆகிவிடும்.

"எடைக்காக டீகப்ளர் போட்டியா?"

"ஆமா." குரல் சிறுத்துவிட்டது. "அவசரத்துல அம்பப் பாக்கலடி. நாந்தான் கெடுத்துப்போட்டேன். நாந்தான்..."

என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்னவாம் என்ற கேள்வி மெர்சியின் தொண்டைவரை வந்தது. மேடையில் நூறு பேர் முன்னால் உட்கார்ந்திருப்பவளிடம் இப்போது அதைக் கேட்டால் அவள் கை எழாது. உயரம் இறங்கிக்கொண்டிருந்தது. தரையில் மோத ஐந்து நிமிடம்கூட இல்லை.

"அத அப்பறம் பேசலாம். மாசாணத்த வெளிய அனுப்பிக் கழட்ட முடியுமா?"

"அதுக்கு நேரம் பத்தாது. அவரு கீழ எறங்கி வர்றதுக்குள்ள தரை வந்துரும்."

"அப்பச் சுட்டுத்தான் எடுக்கோணும்."

"என்னது?"

"இன்ஜின் தீ நேரா வளையத்து மேலதான் அடிக்குது. சூடு ஏறுனா வளையம் வெடிச்சுப் போயிரும்."

"இன்ஜினும் வெடிச்சுரும்டி! மெதுவா எரிக்கட்டா? கொஞ்சங் கொஞ்சமா?"

மெர்சி கண்ணை மூடிக்கொண்டாள். மெதுவாக எரித்தால் வளையத்தின் சூடு மேலே இன்ஜினுக்கு ஏறிவர நேரம் கிடைக்கும். இரண்டும் சேர்ந்து காயும். ஒரேயடியாக எரித்தால் தீ படும் வளையம்தான் முதலில் காய வேண்டும். இன்ஜினைவிட அது குறைந்த சூட்டைத்தான் தாங்கும். ஆனால் இதை அவள் ஒருமுறைகூடச் செய்து பார்த்ததில்லை. எரிபொருளும் வேகமாகக் கரையும்.

"மெதுவா வேண்டாம். முழுசாப் போடு. வளையத்துச் சூட்ட நீ பாத்துச் சொல்லு, இன்ஜின் சூட்ட நான் பாக்கறேன்."

"மெர்சி, தப்பாப் போச்சுன்னா மாசாணம்..."

"எதுவும் பண்ணுலன்னாலும் அதேதான். போடு!"

எரிபொருள் சரிந்தது. இன்ஜின் சூடு காட்டும் எண் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு வந்தது.

"பாதி. வளையம் பாதிக்கு வந்துருச்சு" என்றாள் லாஸ்யா.

"விடாத."

"முக்கால்வாசி."

இன்ஜின் எண் ஆரஞ்சு நிறமானது. அறையின் வாசலில் நின்றிருந்த மேற்பார்வையாளர் பெண் இவளை எட்டிப் பார்த்தாள். மெர்சி மேசையின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"செவப்பாயிருச்சு. மெர்சி, நிறுத்தட்டா?"

இன்ஜின் எண்ணும் சிவப்பைத் தொட்டது. இன்னும் கொஞ்சம் தாங்குமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"விடாத!"

ஹெட்செட்டில் வெடிச்சத்தம் கேட்டது. மேலே அரங்கத்தில் கூட்டம் கத்தியது, கூரையைத் தாண்டி இவளுக்கும் கேட்டது. திரையில் வேகம் சட்டென்று குறைந்தது.

"போயிருச்சு! வளையம் போயிருச்சு! இன்ஜின் இருக்குது!"

"நிறுத்து. நிறுத்து, நிறுத்து."

லாஸ்யா நிறுத்தினாள். மெர்சி எரிபொருளைப் பார்த்தாள். முக்கால்வாசி தீர்ந்திருந்தது. வழக்கமான முறையில் இறங்க இது போதாது. உயரத்திலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு மெதுவாக இறங்கினால், வழி நெடுக நிலாவின் இழுப்பைத் தாங்கிப் பிடிக்கவே எரிபொருள் தீர்ந்துபோகும்.

"இப்ப எரிக்காத. அப்படியே உழுவட்டும்."

"உழுவட்டுமா?"

"கடைசில ஒரே தடவ எரிக்கலாம். நான் சொல்றப்பப் போடு. அதுக்கு முன்னால கையையே வெக்காத."

லாஸ்யாவுக்குத் திரையில் மலை தெரிந்தது, பள்ளம் தெரிந்தது, அப்புறம் ஒவ்வொரு பாறையாகத் தெரிந்தது. மூச்சு வாங்கும் சத்தம் ஹெட்செட்டில் வந்தது. மெர்சி ஒரு விரலால் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே உயரத்தைப் பார்த்தாள்.

"மெர்சி, தரை வருது."

"இரு."

"பாறை நெழலு தெரியுதுடி!"

"இரு... இரு... போடு!"

வேகம் மளமளவென்று குறைந்தது. உயரமும் குறைந்தது. எது முதலில் தீரும் என்று சொல்ல முடியவில்லை. ஆனால் முதலில் தீர்ந்தது எரிபொருள். தரைக்கு இன்னும் ஒரு மாடி உயரம் இருந்தபோது எண் பூஜ்யத்தில் நின்றது. அப்புறம் மெர்சியின் திரையிலிருந்த எல்லா வரிகளும் கலைந்து, பாதி எண்கள் கோடுகளாகிவிட்டன.

"லாஸ்யா? என்னாச்சு? சொல்லு. லாஸ்யா!"

மெர்சி ஹெட்செட்டைக் காதோடு அழுத்தினாள்.

"காலு ஒடஞ்சுருச்சு. இன்ஜினும் போயிருச்சு. உருண்டுட்டே இருக்குது..." அழுகிறாளா சிரிக்கிறாளா என்று புரியவில்லை. "நின்னுருச்சு. ஒருக்களிச்சுக் கெடக்குது. கேபின் முழுசா இருக்குது. மாசாணம் இருக்காருடி. கண்ண உருட்டிட்டு உள்ள உக்காந்திருக்காரு."

மெர்சி ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள். மேற்பார்வையாளர் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

நடுவர்கள் வெகுநேரம் பேசினார்கள். கலம் உடைந்தால் அது இறங்கியதாகுமா என்பது ஒரு கேள்வி. ஆள் உயிரோடு இருந்தால் இறங்கியதுதான் என்று சென்னியப்பன் வாதாடினார். கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஈரோட்டிலிருந்து வந்த அணியின் கலம் நான்கு கால்களோடு நேராக நின்றிருந்தது. முதலிடம் அவர்களுக்கு. இவர்களுக்கு இரண்டாமிடம், ஒரு சான்றிதழ், ஒரு கடிகாரம்.

சென்னியப்பன் படிக்கட்டில் இவர்களை நிறுத்தினார். "நல்லாச் சமாளிச்சீங்க அம்மணி. அந்த வளையம் எப்படித் தலகீழாப் போச்சு?"

மெர்சி வாயைத் திறப்பதற்குள் லாஸ்யா சொன்னாள். "நான் மாட்டுனதுங்க சார். இவகிட்டச் சொல்லவே இல்லீங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். இருவரும் லாஸ்யாவின் ஸ்கூட்டரில் உக்கடத்துக்குக் கிளம்பினார்கள். காந்திபுரம் தாண்டி சிக்னலில் நின்றபோதுதான் மெர்சி கேட்டாள்.

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ மொத்தத்தையும் பிரிச்சுப் பாத்துருப்ப. நேரம் போயிருக்கும், நம்மள வெளிய அனுப்பியிருப்பாங்க."

"இப்ப மட்டும் என்ன கெடச்சுது?"

"ஒண்ணுமில்ல." லாஸ்யா திரும்பவில்லை. கண்ணாடியில் அவள் முகம் சிவந்திருந்தது. "ஊட்டுக்குப் போயி அப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன். அந்தக் கம்பெனிக்கு நேராவே எழுதிப் போடப் போறேன். நீயும் எழுது. அவங்க வேண்டாம்னா அப்பறம் மில்லு."

பச்சை சிக்னல் விழுந்தது. பின்னாலிருந்த கார் ஹாரன் அடித்தது. கோபம் தீரவில்லை மெர்சிக்கு. காலையில் ஓடி வந்தபோது இருந்த களைப்பு இப்போதுதான் முழுதாக இறங்கியது. ஆனாலும் மூடிய அறையில் கேட்ட அந்தக் குரலை நினைத்துப் பார்த்தாள். தன்னை நம்பி, கடைசிவரை விடாமல் அழுத்திப் பிடித்திருந்தவள் அவள்தான்.

"எழுதறேன்" என்றாள். "ஆனா அடுத்த போட்டில நான் ஓட்டறேன். நீ அந்த ரூமுல உக்காரு."

"நீ ஓட்டுனா கெளம்பறதுக்குள்ளயே கவுத்துருவ."

"கவுத்தாலும் உங்கிட்டச் சொல்லிப்போட்டுத்தான் கவுப்பேன்."

லாஸ்யா சிரிக்கவில்லை. சற்று தூரம் போன பிறகு, "சரி" என்றாள். உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. மெர்சி இறங்கி ஓடினாள்.