அம்பயரின் துடைப்பம்

வாரமெல்லாம் குழாய் ரிப்பேர், ஞாயிறானால் சாப்ட்பால் அம்பயர் வேலை. அவருக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது.

"மாமா, நான் பேஸைத் தொட்டப்புறம்தான் பந்தே வந்துச்சு!" மண்ணில் சறுக்கி வந்த மச்சினன், தரையில் பதித்திருந்த பேஸ் பலகை மேல் நின்று குதித்தான்.

"அவுட்டுன்னா அவுட்டுடா."

இரண்டு அணியும் கத்தின. இத்தனை வருஷத்தில் அவர் கற்ற வித்தை ஒன்றுதான்: வாய் கொடுக்காமல் குனிந்து, சின்ன பிரஷ்ஷால் பேஸிலிருக்கும் மண்ணைத் தட்ட வேண்டும். தட்டி முடிப்பதற்குள் எவனுக்கும் கோபம் ஆறிவிடும். ஆறியது.

வீட்டுக்குள் கால் வைத்ததும் மனைவி வழிமறித்தாள். "மச்சினன்னுகூடப் பாக்காம என் தம்பியை அவுட்டாக்கிட்டீங்களாமே?"

அவர் மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்துக் குனிந்து கூட்டத் தொடங்கினார்.

"நல்லாக் கூட்டுங்க," என்றாள். "இந்த வித்தையையும் அவன் சொல்லிட்டான். முடியிற வரைக்கும் இங்கயேதான் நிப்பேன்."