வெயிலில் பூசக் கூடாது

விடிவதற்குள் ஆறு மூட்டை எலுமிச்சையைத் தரையில் கொட்டியாகிவிட்டது. முண்டும் முடிச்சுமான பச்சைப் பழங்கள். பதினான்கு பெண்கள் முற்றத்தில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து, வெள்ளைச் சதை ஒட்டாமல் தோலை மட்டும் சீவினார்கள். சாறு மணிக்கட்டு வழியே முழங்கை வரை வழிந்தது. அந்தத் தோலின் சாரம்தான் எங்கள் துலுங்காகுங் ஊர் ஆலையிலிருந்து முகப்பூச்சுக்குப் போகிறது.

போன வாரம் வரை கொட்டகைக்குள்தான் சீவினார்கள். வெயிலில் சீவி அங்கேயே உலர்த்தினால் ஒரு நாள் மிச்சம் என்று நாங்கள் 'பாக்', அதாவது ஐயா, என்று கூப்பிடும் முதலாளி ஹந்தோகோவுக்கு யோசனை சொன்னவள் நான், பரிசோதனை அறை யெக்தி. சபாஷ் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் சுமர்னி அக்காவின் கைகள் கொப்புளித்தன. நாலாம் நாள் இன்னும் ஐந்து பேருக்கு.

எனக்குக் காரணம் தெரியும். இந்தச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் வெந்துபோகும். ஏற்றுமதி டப்பா ஒவ்வொன்றிலும் 'வெயிலில் பூசக் கூடாது' என்று சீட்டு ஒட்டுகிறவளே நான்தான். எங்கோ இருக்கும் கன்னங்களை எச்சரித்தேன். எதிரே உட்கார்ந்திருந்தவர்களிடம் வாயைத் திறக்கவில்லை. யோசனை என்னுடையது என்று தெரிந்துவிடுமே என்ற பயம். பாவி நான்.

ஐந்தாம் நாளான அன்று, வெயில் ஏறியதும் ஹந்தோகோ முற்றத்துக்கு வந்தார்.

"சுமர்னி, ஒனக்கு ஒடம்புல ஏதோ கோளாறு. நாளையிலருந்து வர வேணாம்."

"கைய இங்க குடுத்துட்டு வெறுங்கையோட போகவா, பாக்? ரெண்டு புள்ளைங்களுக்கு யாரு சோறு போடுவா?"

"இது செடி கொடி சமாச்சாரம்மா. இயற்கை! இயற்கை யாரையாவது சுடுமா?"

"நெருப்பும் இயற்கைதான, பாக்," என்றாள் அக்காவுக்குப் பக்கத்தில் சீவிக்கொண்டிருந்த லெகினி. எல்லோரும் சிரித்தார்கள்.

அவருக்கு முகம் சிவந்தது. "படிச்ச பொண்ணு சொல்லட்டும். யெக்தி, பழத்தால வருமா இது?"

எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. சுமர்னி அக்கா கொப்புளத்தில் ஈ உட்காராமல் வாயால் ஊதிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகு எனக்குப் பொய் வரவில்லை.

"பழத்தாலதான், பாக். பழமும் வெயிலும் சேந்து. எனக்கு மொதல்லயே தெரியும். இவங்கள வெளிய ஒக்கார வெக்கச் சொன்னதும் நான்தான்."

"வாய மூடு! ஒனக்கும் வேல வேணாமா?"

லெகினி என்னைச் சுட்டெரித்துவிடுவதுபோல் பார்த்தாள். பிறகு கத்தியைக் கீழே போட்டாள். மற்றவர்களின் கத்திகளும் ஒவ்வொன்றாக விழுந்தன.

"நெழலு வேணும், கையுறை வேணும். அக்காவுக்கு வைத்தியமும் வேலையும் வேணும். அதுவரைக்கும் ஒரு பழங்கூட சீவ மாட்டோம்," என்றாள் லெகினி.

"அத்தனையும் அழுகிடும்!"

"எங்க கை மட்டும் அழுகலாமா?"

"பக்கத்து ஊர்லருந்து லாரில ஆள் எறக்குறேன், பாரு!"

"எறக்குங்க. அவங்களுக்கும் எங்க கையக் காட்டுறோம்."

பெண்கள் கொட்டகை நிழலுக்குப் போனார்கள். நான் சுமர்னி அக்கா முன்னால் போய் நின்றேன்.

"அக்கா, மன்னிச்சிடு."

"ராத்திரி பூரா எரியுதுடி. மன்னிக்கவெல்லாம் இப்ப மனசு வரல." சற்று நகர்ந்து இடம் விட்டாள். "லாரி வந்ததும் அவங்ககிட்டயும் இதே மாதிரி ஒளிக்காம சொல்லு. உக்காரு."

உட்கார்ந்தேன். உச்சிப்பொழுதில் பக்கத்து ஊர் ஆட்களோடு வாசலில் லாரி வந்து நின்றது. சுமர்னி அக்கா இரு கைகளையும் நீட்டியபடி எழுந்து நடந்தாள். நானும் கூடவே நடந்தேன். எங்களுக்குப் பின்னால் பதிமூன்று பேரும் வந்தார்கள்.