கோரின் கொலராடோவில் இருந்த வருடம்

1

இந்தக் கதை எனக்கு எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாழ்நாள் முழுக்கப் பூசி மெழுகியவள் நான். இதிலாவது வேண்டாம்.

போன மாதம் ஓஹையோவிலிருந்து மெரிடித் என்ற பெண் எனக்குக் கடிதம் எழுதியிருந்தாள். ஐம்பத்து மூன்று வயது, பள்ளி நூலகர். பிறந்த ஒன்பதாம் நாள் தத்துக் கொடுக்கப்பட்டவள். அவளைப் பெற்றவள் கோரின் தேயர். கனெக்டிகட்டில், எங்கள் லார்ச் தெருவில், எனக்குப் பக்கத்து வீட்டில் வளர்ந்த பெண். கோரின் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. கோரினின் அம்மா வின்னியும் அப்பா லோவெலும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்த வருடத்தைத் தெரிந்தவர்களில் மிச்சம் நான் மட்டும்தான், எண்பத்தெட்டு வயதில்.

மெரிடித் கேட்டது ஒன்றே ஒன்று. பிறப்புச் சான்றிதழில் 'பெண் குழந்தை' என்று மட்டும் இருக்கிறதாம். தத்துக் கொடுப்பதற்கு முன் அம்மா தனக்கு ஏதாவது பெயர் வைத்தாரா, எனக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தாள்.

கூடவே ஒரு தாளின் நகல். 1966 கிறிஸ்துமஸுக்குத் தேயர் குடும்பம் ஊருக்கெல்லாம் அனுப்பிய கடிதம். தூரத்து உறவினர் ஒருவர் எடுத்து வைத்திருந்தாராம். கடைசி வரியில், 'எழுத உதவிய பக்கத்து வீட்டு ஈனிட்டுக்கு நன்றி' என்று இருந்தது. அதை வைத்துத்தான் என்னைத் தேடிப் பிடித்திருக்கிறாள்.

பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரியில் முடிய வேண்டியது, இப்படி நம்பர் போட்டு வளர்ந்துகொண்டிருக்கிறது.

2

முதல் தொடக்கம்: 'டிசம்பர் பனி லார்ச் தெருவின் கூரைகள் மீது ஓசையின்றி இறங்கிக்கொண்டிருந்த அந்த'

அடித்துவிட்டேன். பனி இறங்கினால் என்ன, இறங்காவிட்டால் என்ன?

இரண்டாவது: 'வின்னி தேயர் கல்நெஞ்சக்காரி.'

இதையும் அடித்தேன். அவளை அரக்கியாக்கினால் எனக்கு எத்தனை சௌகரியம்! கதை பூராவும் அவள் தலையில் போட்டுவிட்டு நான் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கலாம். வின்னி எனக்குக் காய்ச்சல் வந்தபோது நான்கு நாள் சூப் கொண்டு வந்து ஊட்டியவள்.

மூன்றாவது: '1966 டிசம்பர் முதல் வாரத்தில் நான் ஒரு பொய் எழுதினேன். நன்றாக வந்திருந்தது.'

இது இருக்கட்டும்.

3

அந்தக் கடிதங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் டிசம்பர் வந்தால் ஒவ்வொரு வீடும் அந்த வருடத்துச் செய்திகளை ஒரு பக்கத்தில் எழுதி, தேவாலய அலுவலகத்து ரோனியோ இயந்திரத்தில் நகலெடுத்து, ஓரத்தில் பச்சை இலை அச்சிட்ட தாளில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் அனுப்பும். யாருடைய மகன் எந்தக் கல்லூரியில் சேர்ந்தான், யார் புதுக் கார் வாங்கினார்கள், யார் வீட்டு நாய் குட்டி போட்டது. அந்தக் கடிதங்களை மட்டும் வைத்துக்கொண்டு எங்கள் தெருவைப் பார்த்தால், இருபது வருடத்தில் அங்கே ஒருவர்கூட அழவில்லை என்றுதான் நினைப்பீர்கள்.

[சில மொழிபெயர்ப்புகள். 'ஃபிரெட் இப்போது நகரத்திலேயே தங்கிக்கொள்கிறார், ரயில் அலைச்சல் மிச்சம்': ஃபிரெட் மனைவியை விட்டுப் போய்விட்டான். 'அம்மா நல்ல ஓய்வில் இருக்கிறார்': குடி முற்றி மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். எல்லோருக்கும் அர்த்தம் தெரியும், ஒருவரும் மூச்சு விட மாட்டோம்.]

நான் இரண்டு சிறுகதைகள் பத்திரிகையில் போட்டிருந்தேன். அது போதும், தெருவுக்கே நான்தான் எழுத்தர். ஒவ்வொருத்தியாகக் கேக் தட்டோடு வருவாள், நான் அவள் வருடத்தை அழகாக்கிக் கொடுப்பேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

4

வின்னியின் சமையலறை. பகல் பதினொரு மணி. அவள் மகள் கோரின் கல்லூரி இரண்டாம் வருடம் படிக்க வேண்டியவள், அக்டோபரிலேயே காணாமல் போயிருந்தாள். அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று தெருவில் பேச்சு. பத்தொன்பது வயதுப் பெண் கல்லூரியைப் பாதியில் விட்டு அத்தை வீட்டுக்குப் போனால் என்ன அர்த்தம் என்று தெரியாத அளவுக்கு நாங்கள் யாரும் அப்பாவிகள் இல்லை.

வின்னி சர்க்கரை ஜாடிக்கு அடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து என் பக்கம் தள்ளினாள். கோரின் எழுதியது. கல்யாணமாகாத கர்ப்பிணிகளை ஒளித்து வைக்கும் விடுதி ஒன்றிலிருந்து. காரில் போனால் இரண்டு மணி நேரம்தான். ஜனவரியில் குழந்தை பிறக்கும், அதைக் கொடுக்க எனக்கு மனமில்லை, வீட்டுக்கு எடுத்து வருகிறேன், ஒரு வருடம் மட்டும் இடம் கொடுங்கள், அதற்குள் வேலை தேடிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாள். கெஞ்சல் இல்லை. பட்டியல் போட்டு எழுதியிருந்தாள்: தொட்டில் எங்கே போடலாம், எந்த அறை.

"பைத்தியம் பிடிச்சிருக்கு இவளுக்கு," என்றாள் வின்னி. பிறகு ரோனியோவுக்கான தாளை என் முன்னால் வைத்தாள். லோவெலின் அக்கா கொலராடோவில் இருக்கிறாள், அங்கே கோரின் குதிரைப் பண்ணையில் இருப்பதாகப் போட்டுவிடலாம் என்றாள்.

நான் கேட்டிருக்க வேண்டியது ஒன்று உண்டு: 'தொட்டிலுக்கு இடம் இல்லையா வின்னி, இவ்வளவு பெரிய வீட்டில்?' இந்தக் கதையின் நாலாவது வரைவில் ஈனிட் அதைக் கேட்கிறாள். மேஜையைத் தட்டிக்கூடக் கேட்கிறாள். அந்த வரைவைக் கிழித்துவிட்டேன். நான் கேட்டது, "குதிரை என்ன நிறம்?" என்பது.

"அதெல்லாம் நீயே போட்டுக்கோடி. நீ எழுதினா பொய் மாதிரியே இருக்காது."

அந்தப் பாராட்டுக்கு நான் சிரித்தேன்.

5

கடிதத்தில் அந்தப் பகுதி இதுதான். மெரிடித் அடிக்கோடு இட்டிருக்கிறாள்:

'எங்கள் கோரின் இந்தக் குளிர்காலத்தைக் கொலராடோவில் கழிக்கிறாள். காலையில் எழுந்ததும் நட்மெக்கிடம் ஓடுகிறாள். ஜாதிக்காய் நிறத்தில் ஒரு பெண் குதிரை, கோரினைத் தவிர வேறு யாரையும் முதுகில் ஏற்றாதாம்! மலைக்காற்று பிடித்துப்போய்விட்டது, ஜூன் வரை வரமாட்டேன் என்கிறாள். அவளைக் குதிரையிடமிருந்து பிரிக்க எங்களுக்கு மனம் வருமா?'

கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். ஒரு தாயிடமிருந்து குழந்தையைப் பிரிக்கப் போகிற வீட்டில் உட்கார்ந்துகொண்டு எழுதிய வாக்கியம். வேண்டுமென்று எழுதவில்லை. ஓசை நன்றாக இருந்தது, அதனால் எழுதினேன். எழுதுகிறவர்களை நம்பாதீர்கள் என்று சொல்ல ஆசைதான், நீங்களோ இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

தொண்ணூற்று நான்கு பேருக்குப் போனது. அதே வாரம் இன்னொரு குடும்பத்தின் கடிதமும் எனக்கு வந்தது. அவர்கள் மகன் சட்டக் கல்லூரியில் முதல் வரிசை மாணவனாம், ஈஸ்டர் விடுமுறைக்குப் பெர்முடா தீவுக்குப் போகிறானாம். அவன்தான் அந்தக் குழந்தையின் தகப்பன். அவனை ஒளித்து வைக்க யாரும் விடுதி கட்டவில்லை. அவனுக்கு இந்தக் கதையில் பெயர் தர மாட்டேன், போகட்டும்.

6

ஜனவரியில் கோரின் எனக்கு எழுதினாள். அம்மாவுக்கு இல்லை, எனக்கு. இரண்டு பக்கம்.

கிறிஸ்துமஸ் கடிதம் அவளுக்கும் வந்திருந்தது. முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் அனுப்பியபோது லோவெல் பழக்கதோஷத்தில் மகளுக்கும் ஒன்றை அனுப்பியிருக்கிறார். வீட்டுக்கு வரலாமா என்று கேட்ட பெண்ணுக்கு அதுதான் பதிலாகக் கிடைத்தது. கோரின் அதைப் பற்றி ஒரு வரிகூடத் திட்டி எழுதவில்லை. குழந்தை பிறந்துவிட்டது, பெண், தலை நிறைய முடி, வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், அம்மா உங்கள் பேச்சைக் கேட்பாள், ஒரு தடவை பேசிப் பாருங்கள் என்று எழுதியிருந்தாள். குழந்தையைப் பெயர் சொல்லித்தான் எழுதியிருந்தாள்.

ஆம், பெயர் இருந்தது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். வின்னி நின்றுகொண்டே படித்தாள். நான் பேச ஆரம்பித்தேன், அவள் முடிக்க விடவில்லை.

"தொண்ணூத்தி நாலு பேருக்கு அவ கொலராடோல இருக்கான்னு எழுதியாச்சு ஈனிட். இப்ப குழந்தையோட வந்து நின்னா நான் என்ன சொல்றது? குதிரை குட்டி போட்டுதுன்னா?"

பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நிஜமாகவே அழுதாள், அதையும் எழுதத்தான் வேண்டும். கடிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்து, உனக்கு வந்தது, நீயே பார்த்துக்கொள் என்றாள்.

வீட்டுக்கு வந்தேன். கொல்லைப்புறத்தில் தகர டிரம்மில் பரிசுப் பொட்டலங்களின் தாளையெல்லாம் போட்டு எரித்துக்கொண்டிருந்தோம். அதில் இதையும் போட்டேன்.

[ஏன்? நான்கு வரைவுகளில் நான்கு காரணம் எழுதிப் பார்த்தேன். எல்லாம் சப்பைக்கட்டு. வீட்டில் யார் கண்ணிலாவது பட்டுவிடும் என்று பயந்தேன், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைக்குள் காரை எடுத்துக்கொண்டு நானே அந்த விடுதிக்குப் போயிருக்கலாம். போகவில்லை.]

7

இன்னொரு முடிவு: வெள்ளிக்கிழமை காலை வின்னி கோட்டை மாட்டிக்கொண்டு என் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். 'வண்டியை எடு' என்கிறாள். இருவரும் பனியில் இரண்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு போய், பேனாவைக் கையில் பிடித்திருக்கிற கோரினின்

முடியவில்லை. எழுத வரும், நன்றாகவே வரும். அதுதான் பிரச்சினை.

8

கடிதத்தில் போட்டிருந்தபடியே ஜூனில்தான் கோரின் திரும்பி வந்தாள். எட்டு மாதம் உள்ளேயே அடைத்து வைத்ததில் காகிதம் போல வெளுத்திருந்தாள், மலையில் குதிரை ஓட்டியவள் அப்படி இருப்பாளா? வின்னி ஒரு வாரம் வெளியே விடாமல், தோலைக் கறுக்க வைக்கும் விளக்கின் கீழ் அவளைத் தினமும் உட்கார வைத்தாள். லோவெல் நகரத்திலிருந்து ஒரு ஜோடி குதிரைக்காரர் பூட்ஸ் வாங்கி வந்தார். அது புதிதாகப் பளபளத்ததால், கார் ஷெட்டில் மண்டியிட்டு அதைச் சரளைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காப்பீட்டுக் கம்பெனியின் உதவித் தலைவர், மகளின் பொய்க்குப் பழசு ஏற்றுகிறார். இந்த ஆளை நினைத்து எனக்குக் கோபம் வருகிறது, பரிதாபமும் வருகிறது. கோபம்தான் அதிகம்.

பிறகு தேயர் வீட்டுப் புல்வெளியில் விருந்து. இறைச்சி சுடும் புகை, ஜின், காகிதத் தட்டுகள். பூட்ஸோடு கோரின். ஒவ்வொருவராக வந்து கொலராடோ எப்படி என்று விசாரித்தார்கள். அவள் நன்றாக இருந்தது, நன்றாக இருந்தது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எதிர்வீட்டு ஹார்லன் பேபர் நல்ல மனிதர், எதுவும் கள்ளமாகக் கேட்பவர் இல்லை. அவர் கேட்டார், "உன்னோட குதிரைக்கு ஏதோ அழகான பேராச்சே, என்னம்மா அது?"

கோரின் என்னைப் பார்த்தாள். புல்வெளியில் எங்களுக்கு நடுவே பத்தடி இருக்கும்.

"ஈனிட்டைக் கேளுங்க," என்றாள். "அவங்கதான் பேர் வெச்சாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே பெயரையும் சொன்னேன். வின்னி ஓடி வந்து யாருக்கு இன்னும் சோளம் வேண்டும் என்று கேட்டாள்.

செப்டம்பரில் கோரின் மேற்குக் கரைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் என்னுடன் ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

9

கோரின் தன் மகளுக்கு வைத்த பெயர் இரண்டாம் பக்கத்தில், மேலிருந்து மூன்றாவதோ நான்காவதோ வரியில் இருந்தது. தாளின் நிறம் நினைவிருக்கிறது. நீல மசி நினைவிருக்கிறது. பெயர் நினைவில்லை.

இல்லாத குதிரையின் பெயரை இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்தேன்.

மெரிடித்தின் கடிதம் வந்த நாளிலிருந்து ஒரு மாதமாக உட்கார்ந்து யோசித்தேன். அந்தக் காலத்துப் பெயர்களை எல்லாம் தாளில் எழுதி ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், எதிலாவது மனம் துள்ளுமா என்று. ஏழாவது பெயரில் துள்ளியது. பன்னிரண்டாவதிலும் துள்ளியது. மறுநாள் வேறொன்றில். எதைச் சொன்னாலும் அவள் நம்பிவிடுவாள். ஒரு நல்ல பெயர், அதைச் சுற்றி இரண்டு நல்ல வாக்கியங்கள், ஐம்பத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி ஓஹையோவில் உட்கார்ந்து அழுது, ஆறுதலாகத் தூங்கியிருப்பாள். அதில் என்ன தப்பு என்று என்னைக் கேட்காதீர்கள். எங்கள் தெருவே அப்படிக் கேட்டுத்தான் வாழ்ந்தது.

நேற்று அவளுக்கு எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். 'உன் அம்மா உன்னைக் கொடுக்க விரும்பவில்லை. உனக்குப் பெயர் வைத்திருந்தாள். அதைப் படித்தவள் நான், எரித்தவளும் நான், மறந்தவளும் நான்தான்.' அவ்வளவுதான் எழுதினேன், அழகாக இல்லை.

இந்த மாதிரிக் கதைகளில் இந்த இடத்துக்கு வந்ததும் முடிவை வாசகர் கையில் கொடுத்துவிட்டு எழுதியவர் நழுவுவது வழக்கம். நான் கொடுக்க மாட்டேன். உங்களுக்கும் இதற்குள் ஒரு பெயர் தோன்றியிருக்கும், பொருத்தமான பெயராகக்கூட இருக்கும். தயவுசெய்து அதை யாரிடமும் சொல்லாதீர்கள்.