சாட்சிக்காக நடந்த பிள்ளை

"சட்டுனு கிளம்புடா எபி, சபைக்கு நேரமாச்சு!"

சொல்லிக்கொண்டே மகனின் வெள்ளைச் சட்டைக்குப் பித்தான் போட்டுவிட்டான் அருள்பாண்டி. ஒன்பது வயது எபினேசர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். குதிகால் இரண்டும் தரையில் படவில்லை. கொஞ்ச காலமாகவே விரல்களை ஊன்றித்தான் நிற்கிறான்.

"கால் வலிக்குதாய்யா?" என்று கேட்டாள் தாய் சத்தியப்பிரியா.

பிள்ளை அப்பாவின் முகத்தைப் பார்த்தான். "இல்லம்மா. நல்லா இருக்கேன்."

எபிக்குத் தசை நோய். மரபணுக் கோளாறால் வருவது; தசைகள் மெல்ல மெல்ல வலுவிழந்துகொண்டே போகும். முழுதாகக் குணமாக்க வழியில்லை என்றாலும், மாத்திரையும், இரவில் காலுக்கு மாட்டும் தாங்கியும், அன்றாடப் பயிற்சியும் இருந்தால் பையன் இன்னும் சில வருஷம் நடப்பான் என்று மதுரை டாக்டர் பக்குவமாகச் சொல்லியிருந்தார். கோட்டையூரில் குழாய் வேலை பார்க்கும் அருள்பாண்டி இடிந்துபோனான். காரைக்குடியில் தங்கள் சபை நடத்திய உபவாச ஜெபத்தில் போய் விழுந்து கதறினான். அன்றைக்கு எபி யார் கையையும் பிடிக்காமல் எழுந்து நின்றுவிட்டான். அவ்வளவுதான்! அதற்கு முன்னால் ஒழுங்காகச் சாப்பிட்ட மாத்திரையை யார் நினைத்துப் பார்த்தார்கள்? அருள்பாண்டி மைக்கைப் பிடித்து, "என் மகன் பூரண சுகமாயிட்டான்" என்று சாட்சி சொன்னான். சபையே அழுதது.

பாஸ்டர் கோபிநாத் மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை, பாவம். நிறுத்தியது அருள்பாண்டிதான். சுகமாகிவிட்டான் என்று ஆண்டவர் சந்நிதியில் அறிக்கை செய்துவிட்டு, வீட்டுக்கு வந்து மாத்திரை கொடுத்தால் அது அவிசுவாசம் ஆகிவிடாதா? ராத்திரி வீட்டுக்கு வரும் சபையார் யாராவது காலில் தாங்கியோடு பிள்ளையைப் பார்த்துவிட்டால் என்ன ஆவது? அதையும் கழற்றி வைத்துவிட்டான். மனுஷனுக்குப் பெருமை பிடித்துவிட்டால் அது பக்தி வேஷத்தில்தான் வந்து உட்காருகிறது.

"ஏங்க, ஒரு எட்டு மதுரைக்குப் போயிட்டு வந்துருவோம்" என்று சத்தியப்பிரியா மறுபடியும் கெஞ்சினாள். "பிள்ளை விழுந்து விழுந்து எந்திரிக்கிறான். நீங்க பாத்தா வருத்தப்படுவீகன்னு மறைக்கிறான்."

"சாட்சி சொன்ன வாயால போயி மருந்து கேக்கச் சொல்றியா? சபையில நாலு பேரு என்ன பேசுவாக? பேசாம கிளம்புடி."

அன்று சிவகங்கையிலிருந்து சில விருந்தாளிகள் சபைக்கு வந்திருந்தார்கள். பாடல் முடிந்ததும் பாஸ்டர் பூரிப்போடு கூப்பிட்டார். "எபித் தம்பி, இங்குட்டு மேடைக்கு ஏறி வாய்யா. ஆண்டவர் உனக்குச் செஞ்சதை இவுகளும் பாக்கட்டும்."

தூக்கிவிட எழுந்த சத்தியப்பிரியாவின் கையை அருள்பாண்டி பிடித்துக்கொண்டான். "விடு. அவனே ஏறுவான்."

பிள்ளை தன் தொடையைத் தானே கையால் தூக்கி மேடைப் படியில் வைத்தான். அப்பாவைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். அடுத்த காலைத் தூக்கும்போது முழங்கால் மடங்கிப் பக்கவாட்டில் விழுந்தான். தொடை எலும்பு முறிந்துவிட்டது.

மதுரையில் அதே டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். "இந்த மாத்திரையைத் திடீர்னு நிறுத்தவே கூடாதுங்க, உசுருக்கே ஆபத்து. இந்த நோய் இருக்கிற பிள்ளை எலும்பு முறிஞ்சு படுத்துட்டா, திரும்ப நடக்கிறது ரொம்பச் சிரமம். இவ்வளவு இறுகிப்போன காலுக்கு நான் நம்பிக்கை சொல்ல முடியாது."

சத்தியப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள். அருள்பாண்டி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தான். கட்டுப்போட்ட காலோடு கிடந்த எபி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"அப்பா, யாரோ தள்ளிவிட்டாகன்னு சொல்லிருவோமா?"

"ஏன்டா?"

"நானா விழுந்தேன்னா உங்க சாட்சி பொய்யாயிரும்ல?"

அருள்பாண்டிக்கு இப்போதுதான் புரிந்தது. அப்பன் பெயரைக் காப்பாற்ற இந்தப் பிஞ்சு இத்தனை நாளும் வலியை விழுங்கியிருக்கிறது! பிள்ளையின் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினான். எபி பயந்துபோய், "அழாதீகப்பா, நான் நடந்துருவேன்" என்றான். அதைக் கேட்டு அவனுக்கு அழுகை இன்னும்தான் கூடியது.

சாயங்காலம் சபையார் சிலரோடு பாஸ்டர் வந்தார். எபியின் தலையில் கை வைத்தார். "கலங்காதீக பிரதர். இது சத்துரு, அந்தச் சாத்தானோட வேலை. விசுவாசத்துல உறுதியா நில்லுங்க. பிள்ளை எந்திரிச்சு நடப்பான்."

"ஆமென்" என்றார்கள் கூட வந்தவர்கள்.

"ஆமென் சொல்லாதீக!" என்று எழுந்தான் அருள்பாண்டி. "சத்துருவை ஏன் பாஸ்டர் இழுக்குறீக? செஞ்சவன் நான். நடந்துக்கிட்டிருந்த பிள்ளையை நான் படுக்க வச்சுட்டேன்."

பாஸ்டர் கையை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

"ஆண்டவரை நான் விடல. இனியும் ஜெபத்துக்கு முழங்கால் போடுவேன். ஆனா மாத்திரையைக் குடுத்துட்டுத்தான் போடுவேன். நோய் இருக்குன்னு ஒத்துக்கிறது அவிசுவாசம் இல்ல பாஸ்டர். சுகமாகாத பிள்ளையை ஆண்டவர் ஏத்துக்க மாட்டாருன்னு நெனச்சேன் பாருங்க, அதுதான் அவிசுவாசம். வர்ற ஞாயித்துக்கிழமை எனக்கு மைக்கைக் குடுங்க, இதையும் என் வாயாலயே சொல்லணும். நம்ம சாட்சிக்குப் பயந்துக்கிட்டு, இன்னும் எத்தனை வீட்டுல பிள்ளைக வலிக்கலைன்னு சொல்லிக்கிட்டுத் திரியுதோ!"