ஒண்டும் ரெண்டும்

அலுப்பு என்றால் சும்மா அலுப்பில்லை. ஒன்பது மணித்தியாலம் ஒரு பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டு இருந்தால் வருமே, அந்த அலுப்பு. கலியாண வீடியோவை வெட்டி, ஒட்டி, நிறம் சரிபார்த்து முடித்த பிறகு 'ரெண்டர்' என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் கோத்து ஒரே படமாக ஆக்கித் தரும். என் கம்ப்யூட்டருக்கு அதற்கு ஒன்பது மணித்தியாலம் வேண்டும். எட்டாவது மணித்தியாலத்தில் அப்படியே நின்றும் போகும். நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்போது எனக்கு வரும் கோபத்தைக் கண்டு எங்கள் வீட்டுக் கூரையில் குதிக்கும் குரங்குகள்கூட அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

எங்கள் வீடு கட்டுகஸ்தோட்டையில். மேல்மாடியில் இரண்டு மேசை, இரண்டு கம்ப்யூட்டர். ஒன்று என் கணவர் அஸ்ஃபருடையது, மற்றது என்னுடையது. எங்கள் ஆட்களின் கலியாணத்தில் ஆண்கள் பக்கம் வேறு, பெண்கள் பக்கம் வேறு. பள்ளிவாசலில் நடக்கும் நிக்காஹ், மாப்பிள்ளை ஊர்வலம், பலர் ஒரே தட்டைச் சுற்றியிருந்து சாப்பிடும் சஹன், எல்லாம் அஸ்ஃபரின் வேலை. மணப்பெண் இருக்கும் பக்கத்தைப் படம் பிடிப்பதும் நான், வெட்டுவதும் நான். "தலையில முக்காடு இல்லாம புள்ளயள் ஈக்கும். ஒரு ஆம்புளட கண் படப்படாது, மகள்" என்று ஒவ்வொரு பெண்ணின் உம்மாவும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார். "என்ட கண்ணத் தவிர வேற கண் படாது" என்று நானும் சொல்வேன். பன்னிரண்டு வருடமாக அந்த ஒரு வாக்கில்தான் எங்களுக்கு வேலை வருகிறது. என் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்ட் அஸ்ஃபருக்கே தெரியாது.

இந்தத் தடவை நோன்புக்கு முந்திய கலியாணங்கள் பதினான்கு. இரண்டு கம்ப்யூட்டரும் கிழடு தட்டிப் போயிருந்தன. டவுனில் கம்ப்யூட்டர்க் கடை வைத்திருக்கும் ஜெயராஜ் அண்ணன்தான் வந்து பார்த்துவிட்டு, ரெண்டரை வேகமாக்கும் கிராஃபிக்ஸ் கார்டை மாற்றினால் போதும் என்றார். மஹய்யாவைக்காரர், எங்களுக்கு நெடுநாள் பழக்கம்; எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் அஸ்ஃபரை 'நானா' என்றுதான் கூப்பிடுவார். கடதாசியில் இரண்டு வரி எழுதித் தந்தார்.

"நானா, மேல எழுதியிருக்கிறது ஒரே ஒரு பெரிய கார்ட். நாப்பது நிமிசத்துல ஒரு கல்யாணத்த முடிச்சிரும். ஆனா ஒரு மிஷினுக்குத்தான் போடலாம். கீழ எழுதியிருக்கிறது சின்னது ரெண்டு. ஆளுக்கொண்ணு. ஒரு ஒண்ணே கால் மணித்தியாலம் எடுக்கும், ஆனா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வேல செய்யலாம். வெல ரெண்டுக்கும் ஏறக்கொறய ஒண்ணுதான். நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

யோசிக்க என்ன இருக்கிறது? இரண்டு பேர், இரண்டு மேசை, இரண்டு கார்ட். நான் அப்படித்தான் நினைத்தேன். அஸ்ஃபர் அந்தக் கடதாசியின் முதல் வரியை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

"பெரிசு எண்டா ஃபோர்கே வீடியோ எல்லாம் வெண்ண மாதிரி ஓடும் அம்னா. என்ட மிஷின்ல போடுவோம். ஒன்ட வேலயும் அதிலயே செஞ்சிக்கொள்ளலாமே."

"ஒங்கட மிஷின்ல எப்பிடி நான் பொம்புளப் பக்கத்தக் கொண்டுவந்து போடுற?"

"நான் பார்க்க மாட்டன் எண்டு ஒனக்குத் தெரியாதா?"

"நீங்க பார்ப்பீங்க எண்டா நான் செல்றேன்? நான் குடுத்த வாக்கு அது. அதோட, நீங்க இருக்கக்குள்ள நான் எங்க இருக்கிற?"

"விடியக்காலைல நீ இரி. பத்து மணிக்குப் பிறகு நான் இரிக்கிறேன். ஒன்ட பக்கம் என்ன, சும்மா வெட்டி ஒட்டுறதுதானே."

சும்மா வெட்டி ஒட்டுறதுதானே. அந்த ஒரு வார்த்தையில் எனக்கு நெஞ்சு வெந்துபோயிற்று. நாலு மணித்தியாலம் மேடையில் கல்லுப் போல உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் முகத்திலிருந்து, அவள் மெய்யாகவே சிரித்த மூன்று நொடியைத் தேடி எடுக்கிறவள் நான். அது வெட்டி ஒட்டுகிற வேலையா? கேட்டேன். கேட்டும் என்ன? மூன்று வாரம் இதே பேச்சு. காலையில் ரொட்டியோடு இதே பேச்சு, பகல் சோற்றோடு இதே பேச்சு. அவர் கெட்ட மனுஷன் இல்லை. கத்துகிறவரும் இல்லை. அதுதான் இன்னும் மோசம். கத்தினால் நானும் கத்தி ஒரு முடிவு கண்டிருப்பேன். அவர் மெல்லிய குரலில், சலிக்காமல், முதல் வரியையே திருப்பித் திருப்பிச் சொன்னார்.

ஒரு புதன்கிழமை பகல் எனக்கு ஏலாமல் போயிற்று. அன்று என் ரெண்டர் மூன்றாவது தடவையாக நின்றிருந்தது. மடவளையிலிருந்து ஒரு மணப்பெண்ணின் உம்மா, அபீபா தாத்தா (எங்களுக்குத் தாத்தா என்றால் அக்கா), காலையிலிருந்து ஐந்தாவது தடவையாக ஃபோன் எடுத்து, "மகள் ஞாயித்துக்கெழம வெளிநாடு போறா, வீடியோ எங்க புள்ள?" என்று அழாத குறை. அஸ்ஃபர் ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு கலியாண வேலைக்குப் போயிருந்தார். அங்கே சிக்னல் சரியில்லை. போகும்போதே, "ஜெயராஜுக்கு நீயே கோல் எடுத்து முடிவச் செல்லிடு" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். என்ன முடிவு என்று சொல்லவில்லை. நான் எதைச் சொல்வேன் என்று அவருக்குத் தெரியும்.

எடுத்தேன். ஜெயராஜ் அண்ணன் பேராதனையில் நின்றிருந்தார். பின்னால் ரயில் போகிற சத்தம்.

"சொல்லுங்க தங்கச்சி! என்ன முடிவு பண்ணுனீங்க? ஒண்ணா, ரெண்டா?"

சரி, போகட்டும், இந்தப் பேச்சு முடிந்தால் போதும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்.

"ஒண்டு."

"என்னது?"

"ஒண்டு! ஒண்டு போதும்."

"சரி சரி, வெளங்குச்சு. வெள்ளிக்கிழம கொண்டாறேன்."

ஃபோனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். ஒரு இரும்புத் துண்டுக்காக அழுதேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இனி என் மேசை வெறும் மேசை, நான் இன்னொருவர் எழும்பும் வரை காத்திருக்கிறவள் என்று நானே என் வாயால் சொல்லிவிட்டேனே, அதற்காக அழுதேன்.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து அஸ்ஃபர் வந்து சாப்பிட்டு எழும்பும் நேரம், ஜெயராஜ் அண்ணன் பையோடு மாடிப்படி ஏறி வந்தார். மூச்சு வாங்கியபடி பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு இன்னொரு பெட்டியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

இரண்டு பெட்டி!

என் நெஞ்சு ஒரு தடவை துள்ளியது, பொய் சொல்ல மாட்டேன்.

அஸ்ஃபர் பெட்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதென்ன ரெண்டு?"

"தங்கச்சிதான் ரெண்டுன்னு சொன்னாங்க நானா."

"அம்னா?"

"நான் ஒண்டு எண்டுதான் சென்னேன்" என்றேன். "ரெண்டு தரம் சென்னேன். ஒண்டு, ஒண்டு போதும் எண்டு."

ஜெயராஜ் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ கடவுளே! ஒண்ணுன்னு சொல்லக்கூடாதா தங்கச்சி? நீங்க ஒண்டுங்குறீங்க. ரயில் சத்தத்துல எனக்கு 'ண்டு' மட்டுந்தான் கேட்டுச்சு. எங்க வாயில 'ண்டு'ன்னா அது ரெண்டுதான!" அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "போன வருசமும் இப்பிடித்தான் நானா. ஒங்க ஆளு ஒருத்தர் ப்ரிண்டர் ஒண்டு கொண்டாங்கன்னாரு. நான் ரெண்டத் தூக்கிக்கிட்டு மல ஏறுனேன்."

அஸ்ஃபரும் சிரித்தார். மூன்று வாரத்துக்குப் பிறகு நாங்கள் இருந்த அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"பரவால்ல" என்றார் ஜெயராஜ் அண்ணன். "சீல் ஒடைக்கலதான? பெருசு கடையில இருக்கு. மாத்திக் கொண்டாறேன். சீல் ஒடைச்சாத்தான் திருப்பி எடுக்க ஏலாது." ஒரு பெட்டியைப் பைக்குள் போட்டார்.

"அம்னா, அண்ணனுக்கு ஒரு டீ குடு" என்றார் அஸ்ஃபர், எல்லாம் சரியாகிவிட்ட குரலில்.

நான் எழும்பினேன். கால் படிப்பக்கம் போகவில்லை. மேசையில் மிஞ்சியிருந்த பெட்டியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"அண்ணன், பைக்குள்ள போட்டத வெளிய எடுங்க."

"தங்கச்சி?"

"ரெண்டு" என்றேன். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பதுபோல் நிறுத்திச் சொன்னேன். "இப்ப ரயில் இல்ல. ரெண்டு."

அஸ்ஃபரின் சிரிப்பு நின்றது. "நீதானே ஒண்டு எண்டு சென்ன?"

"சென்னேன். அலுத்துப் போய்ச் சென்னேன். அந்த அலுப்பு இன்னம் போகல்ல. அந்த அலுப்போடதான் இதையும் செல்றேன். எனக்கு என்ட மேச வேணும். என்ட மேசைல வேலை செய்ற ஒரு மிஷின் வேணும். வெட்டி ஒட்டுறது எண்டாலும் அது என்ட வேல."

"ஃபோர்கே எடுத்தா ஒண்டேகால் மணித்தியாலம் ஆகுமே அம்னா..."

"ஆகட்டும். நான் ஒம்பது மணித்தியாலம் இருந்தீக்கிறேன். நீங்க ஒண்டேகால் மணித்தியாலம் இரிந்து பாருங்க."

சொல்லிவிட்டு நகத்தால் சீலைக் கிழித்தேன். அது கிழிந்த சத்தம் அந்த அறையில் நன்றாகவே கேட்டது.

ஜெயராஜ் அண்ணன் என்னைப் பார்த்தார், பிறகு அஸ்ஃபரைப் பார்த்தார். "எந்த மிஷின மொதல்ல தெறக்கிறது, நானா?"

அஸ்ஃபரே போய் என் மேசையின் கீழ் குனிந்து வயர்களைக் கழற்றத் தொடங்கினார்.

உள்ளே ஒரு முழம் தூசி. துடைத்து, பழையதைக் கழற்றி, புதியதைப் பொருத்தி, ஜெயராஜ் அண்ணன் பொத்தானை அழுத்தினார். நான் பாஸ்வேர்டைத் தட்டினேன். திரை வெளிச்சம் வரத் தொடங்கும்போதே அஸ்ஃபர் ஜெயராஜ் அண்ணனின் தோளைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். "பார்க்காதீங்க அண்ணன். பொம்புளப் பக்கம்." தானும் திரும்பிக்கொண்டார். இரண்டு ஆண்களும் சுவரைப் பார்த்து நிறுத்தப்பட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அபீபா தாத்தாவின் மகள் திரையில் சிரித்தாள். அந்த மூன்று நொடிச் சிரிப்பு. ரெண்டரை அழுத்தினேன். ஒரு மணித்தியாலம் பன்னிரண்டு நிமிடம் என்று காட்டியது. பச்சைக் கோடு நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நகர்ந்தது. எனக்கு மறுபடியும் அழுகை வந்தது. துடைக்கவும் அலுப்பாக இருந்தது.

"முடிஞ்சதா? திரும்பட்டா?" என்று ஜன்னல் பக்கமிருந்து அஸ்ஃபர் கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

பொறுத்தார்.