சத்தத்தை நிறுத்தினால் விளக்கு அணையும்

கண்ணால் பார்க்க முடியாத எதன் மேலும் வைரக்கண்ணுவுக்கு நம்பிக்கை கிடையாது. மைக்செட்டுத் தொழிலில் தலை நரைத்த மனுஷன். ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால் ஒரு முனையில் மைக், மறுமுனையில் குழாய். நடுவில் எங்கே கோளாறு என்று விரலே சொல்லிவிடும். மருமகன் பிரபு துபாயிலிருந்து வந்து மாட்டியிருக்கிற சமாசாரம் அப்படிப்பட்டதில்லை.

"மிக்சர்லேருந்து லேப்டாப்புக்கு இந்த ஒரு ஒயர்தான் மாமா. இதுல மிடி போவும்."

"அது என்ன, சத்தமா?"

"சத்தம் போவாது. நீங்க எந்தப் பட்டனை அமுக்குனீங்க, எந்த ஃபேடரை எவ்வளவு ஏத்துனீங்கங்கற சேதி மட்டும் போவும். லேப்டாப்ல இருக்கற லைட் சாஃப்ட்வேர் அதை வாங்கிக்கிட்டு வெளக்க ஏத்தும், எறக்கும். தவில ஏத்துனா செவப்பு. நாயனத்த ஏத்துனா வெள்ளை. சவுண்டுக்கு ஒருத்தன், லைட்டுக்கு ஒருத்தன் வேண்டாம். ஒரே கை."

"சேதி போவுதுன்னு நீங்க சொல்றீங்க. நான் எங்கே பாத்தேன்?"

பிரபு சிரித்தான். துபாயிலிருந்து வந்ததிலிருந்தே அப்படித்தான் சிரிக்கிறான்.

அன்று மாரியம்மன் கோயில் திருவிழாவில் கரகாட்டம். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரை மேடையோரம் வைப்பதுதான் வைரக்கண்ணுவின் வழக்கம். கையை நீட்டினால் குழாய்களை இயக்கும் ஆம்ப் இருக்கும். பிரபுவோ, அங்கெல்லாம் இப்படித்தான் என்று சொல்லி, மிக்சரையும் லேப்டாப்பையும் திடலின் நட்டநடுவில் கொண்டுபோய் வைத்துவிட்டான். ஆம்ப் மேடைக்குப் பின்னால் கிடந்தது.

திடலுக்கும் பள்ளிவாசலுக்கும் நடுவே ஒரு குளம்தான். வைரக்கண்ணு குழாய் கட்டத் தொடங்கிய நாளிலிருந்து ஓர் ஏற்பாடு உண்டு. பாங்குக்கு முன்னால், அதைச் சொல்லும் மோதினார் ஜெய்னுலாபுதீன் தகவல் கொடுப்பார். முன்பு ஆள் வரும், இப்போது மிஸ்டு கால். உடனே வைரக்கண்ணு சத்தத்தை நிறுத்திவிடுவார். சாமி பாட்டானாலும் சரி, மந்திரி பேச்சானாலும் சரி. பாங்கு முடிந்த பிறகுதான் மறுபடி திறப்பார். பக்கத்து ஊர்களில் இதற்காகப் போலீசு வந்து உட்கார்ந்து பேசியிருக்கிறது. இந்த ஊரில் அதற்கு வேலையே வந்ததில்லை.

சாயங்காலம் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது மிஸ்டு கால் வந்தது. வைரக்கண்ணு ம்யூட்டை அமுக்கினார். சத்தம் நின்றது. கூடவே மேடையில் அத்தனை விளக்கும் பொட்டென்று அணைந்தது. மூன்று பக்கமும் கறுப்புத் துணி கட்டியிருந்த மேடை குகை மாதிரி ஆகிவிட்டது.

"நான்தான் மாமா அப்படி வெச்சேன். பாட்டு முடியறப்ப ஒரே அமுக்கு, சத்தமும் வெளிச்சமும் சேந்து நிக்கும்."

மேடையில் நின்ற கரகாட்டக்காரி குந்தவை அங்கிருந்தே கத்தினாள். "பெரியப்பா! ராத்திரி நான் ஏணியில நிக்கறப்ப இப்படிப் பண்ணீங்கன்னா, என்னை வாரிக்கிட்டுத்தான் போவணும்."

"மாத்துங்க மாப்ளே, இப்பவே" என்றார் வைரக்கண்ணு.

"ஒரு நிமிச வேலை மாமா."

அந்த ஒரு நிமிஷம் அவனுக்கு வாய்க்கவே இல்லை. விளக்கு ஒன்று சுற்றாமல் நின்றது. அது சரியானதும் ஜெனரேட்டரில் டீசல் போதாது என்று தெரிந்தது. ஆட்டம் தொடங்கிய பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு வலங்கைமானுக்குக் கிளம்பினான்.

"மாத்துனீங்களா?"

"வந்து மாத்திடறேன். ராத்திரி பாங்குக்குள்ள வந்துடுவேன். ம்யூட்ல மட்டும் கை வெக்காதீங்க. இந்த ஒயரையும் தொடாதீங்க."

பிரபு வரவில்லை. சட்டைப்பையில் போன் ஒருமுறை துடித்து அடங்கியது.

மேடையில் ஏணியை இரண்டு பேர் பிடித்திருக்க, குந்தவை நாலாம் படியில் நின்றாள். தலையில் கரகம். இரண்டு கையையும் விரித்திருந்தாள். தவில்காரர் கண்ணை மூடிக்கொண்டு வெளுத்துக்கொண்டிருந்தார்.

வைரக்கண்ணுவின் விரல் ம்யூட் மேல் போய் நின்றது. கண் அவள் பாதத்தின் மேல் நின்றது. விரலை எடுத்துவிட்டார்.

தவில் ஃபேடரை மட்டும் மெல்ல இறக்கிப் பார்த்தார். மேடையில் சிவப்பு வடிந்தது. குந்தவையின் கால் அடுத்த படியைத் தடவியது. அலறியடித்து ஏற்றிவிட்டார்.

மோதினாருக்குப் போன் அடித்தார். கொஞ்சம் பொறுங்கள் பாய் என்று சொல்லிவிடலாம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. போனை வெளியே வைத்துவிட்டுத்தானே அவர் மைக் முன் நிற்பார்!

ஆம்பையாவது அணைப்போம் என்று எழுந்தார். முன்னால் சனம் நெல்லுமூட்டை அடுக்கினாற்போல் நெருக்கி உட்கார்ந்திருந்தது. "பெரிசு, மறைக்காத! குந்து!" என்று எவனோ வேட்டியைப் பிடித்து இழுத்தான். இரண்டு வரிசை தாண்ட முடியவில்லை. குளத்துக்கு அந்தப் பக்கமிருந்து பாங்கு நூலிழை போல் வந்தது. அவர் கட்டிய குழாய், அவர் ஏற்றிய தவில், அதை அடித்துத் தின்றது.

குந்தவை இறங்கித் தரையில் கால் வைத்ததும் திரும்பி ஓடி ம்யூட்டை அமுக்கினார். இருட்டு. ஒரே விசில். விசில் அடங்கியதும் காதைத் தீட்டினார். பள்ளிவாசல் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. பாங்கு முடிந்துவிட்டிருந்தது.

ம்யூட்டை எடுத்தார். தோளில் ஒரு கை விழுந்தது. விழாக் கமிட்டி ராஜ்குமார்.

"சபாஷ் சித்தப்பா. நம்ம திருவிழாவுல நாம எதுக்கு நிறுத்தணும்? இத்தன வருசம் கழிச்சு இப்பதான் ஒங்களுக்கு ரோசம் வந்துருக்கு."

"அடச்சீ, அதுக்கில்லடா. வெளக்கு அணைஞ்சிடும்டா!"

"தெரியும், தெரியும்" என்று கண்ணடித்துவிட்டுப் போனான்.

டீசல் கேனோடு வந்த பிரபு முழுக்கதையும் கேட்டான். "அந்த ஒயரப் புடுங்கியிருந்தா வெளக்கு அப்படியே நின்னுருக்குமே மாமா. அதுக்கப்பறம் ம்யூட் பண்ணா சத்தம் மட்டும் போயிருக்கும்."

"தொடாதீங்கன்னு நீங்கதானே மாப்ளே சொன்னீங்க."

"அது யாரும் கால்ல இடறிடக் கூடாதுன்னு சொன்னது."

வைரக்கண்ணு வாழ்க்கையில் ஒரே ஒருமுறை அடுத்தவன் பேச்சை அப்படியே நம்பியிருக்கிறார். பிரபு லேப்டாப் மேல் குனிந்தான். வைரக்கண்ணு திடலை விட்டு வெளியே நடந்தார்.

தொழுகை முடிந்து ஜெய்னுலாபுதீன் குளத்தங்கரையில் வந்துகொண்டிருந்தார்.

"பாய், வேணும்னு பண்ணல. சத்தத்த நிறுத்துனா வெளக்கு அணைஞ்சிடும். அந்தப் பொண்ணு ஏணி மேல நின்னுச்சு."

சொல்லும்போதே அது அவர் காதுக்கே பொய்யாகக் கேட்டது.

ஜெய்னுலாபுதீன் நின்றார். "சத்தத்துக்கும் வெளக்குக்கும் என்ன வைரம்? இத்தன வருசமா அணையாத வெளக்கு."

"வாங்க. வந்து கண்ணால பாருங்க."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். திடல் வாசலில் ராஜ்குமார் நின்றான். "என்ன சித்தப்பா, இனிமே இப்படித்தானே?" என்று உரக்கக் கேட்டான். மோதினாரின் கை வைரக்கண்ணுவின் பிடியிலிருந்து மெல்ல உருவிக்கொண்டது. ஆனாலும் கூட வந்தார்.

மேடையில் கோமாளி ஆடிக்கொண்டிருந்தான். பிரபு லேப்டாப் வேலையை முடித்துவிட்டு அந்தண்டை நின்று டீ குடித்தான்.

"பாருங்க பாய்" என்று வைரக்கண்ணு ம்யூட்டை அமுக்கினார்.

தவில் நின்றது, நாயனம் நின்றது. விளக்குகள் அசையாமல் எரிந்தன. சிவப்பு சிவப்பாகவே, வெள்ளை வெள்ளையாகவே. கோமாளி அந்த வெளிச்சத்தில் ஒற்றைக்காலில் நின்று விழித்தான். சனம் கூச்சல் போட்டது.

எடுத்தார். மறுபடி அமுக்கினார். எடுத்தார்.

ஜெய்னுலாபுதீன் விளக்கைப் பார்த்தார். அப்புறம் வைரக்கண்ணுவின் விரலைப் பார்த்தார்.

"சரி வைரம். ஆட்டத்த நடத்து" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு சனத்தை விலக்கி நடந்தார்.

மருமகனைப் பின்னாலேயே ஓடவிட்டு சாட்சி சொல்ல வைக்கலாம். மாமனாருக்கு மருமகன் சாட்சி! அதை எவன் நம்புவான்? வைரக்கண்ணுவே நம்பமாட்டார்.

டீக் கிளாசோடு பிரபு பக்கத்தில் வந்து நின்றான். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களா மாமா? மாத்திட்டேன்."